தொண்டைமானும் ஸ்டூவர்ட்டும்

புதுக்கோட்டைத் தொண்டைமான்களையும் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டுகளையும் அருகருகே நிறுத்தினால், முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான். ஸ்டூவர்ட் என்பது அரண்மனை மேலாளர் பதவி. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னரிடம் அப்பதவி வகித்த வால்டரின் வழியினருக்கு அதுவே குடும்பப் பெயராயிற்று. தொண்டைமான் என்பதோ தொண்டை நாட்டை ஒட்டிய பட்டம். சங்க கால இளந்திரையனும் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரனும் அதைத் தாங்கியவர்கள். அதற்காக அவர்களைப் புதுக்கோட்டை அரசர்களோடு ஒரே கொடிவழியில் கோத்துவிட முடியாது. ஸ்காட்லாந்திலும் அப்படியே. ஸ்டூவர்ட் எனப் பெயர் பெற்றோர் எல்லாரும் அரச குலத்தார் அல்லர்.

வியப்பு இனிதான். இரு குலங்களின் ஏற்றத்துக்கும் ஒரு பெண்ணின் திருமணம் துணைநின்றது. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரி ஸ்டூவர்ட் வீட்டுக்கு மருமகளாக வந்தாள்; அவள் மகன் 1371இல் இரண்டாம் ராபர்ட்டாக முடிசூடினான். இங்கே காதலி நாச்சியார் ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதிக்கு மனைவியானார். அவர் சகோதரர் ரகுநாதராயத் தொண்டைமான் 1686இல் புதுக்கோட்டைக்கு அதிபதியானார். அங்கே மகள், இங்கே சகோதரி. இன்னொரு பொருத்தமும் உண்டு. இங்கே தொண்டைமான் ஆட்சி தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1688இல், ஸ்டூவர்ட் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்தார். அவர் மகனுக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டது கத்தோலிக்க மதத்தால்; மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் மகன் சிட்னிக்கு மறுக்கப்பட்டது, தாய் மாலி ஃபிங்க் ஆஸ்திரேலியப் பெண் என்பதால்.

பெயர் உட்காரும் இடத்தைப் பார்ப்போம். கிரிக்கெட் வீரர்களில், அலெக் ஸ்டூவர்ட்டுக்கு அது குடும்பப் பெயர். ஸ்டூவர்ட் பிராடுக்கு இடுபெயர். தொண்டைமானின் இடமாற்றம் இதைவிடச் சுவையானது. திருநெல்வேலி எழுத்தாளர்களான இரு சகோதரர்களின் தந்தை தொண்டைமான் முத்தையா. மூத்தவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அப்பெயரைத் தலைப்பெழுத்திலும் முழுமையாகவும் இருமுறை ஏந்தினார், இளையவர் தொ.மு.சி. ரகுநாதனிடம் அது ஒற்றை எழுத்தாய் ஒடுங்கிற்று. ஒரே வீட்டில் இவ்வளவு வேறுபாடு!

கடல் கடந்தபோது எழுத்தும் மாறியது. பிரான்சில் வளர்ந்த ஸ்காட்லாந்து அரசி மேரியால், Stewart என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சு வழக்குக்கு இசைந்த Stuart என்ற புது எழுத்துவடிவம் பரவியது. இலங்கையில் தொண்டைமான் தொண்டமானாயிற்று. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், பேரன் ஆறுமுகன் தொண்டமான், அவர் மகன் ஜீவன் தொண்டமான் என்று அங்கே அது ஸ்காட்லாந்துக்காரர் வழக்கப்படியே தலைமுறைதோறும் கடைசியில் நிற்கும் குடும்பப் பெயராகிவிட்டது.