சிறைப்பட்டவர்க்குச் சென்ற பணம்: வ.உ.சி.க்கு வந்த தென்னாப்பிரிக்க நிதியும் ஜொகூர்த் தமிழர் வரலாற்றாய்வும்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழர் தாயகத்திற்கு அனுப்பிய பணத்தைப் பற்றி ஆய்வுலகம் ஓரளவு பேசியுள்ளது. வீட்டுச் செலவு, கடன் தீர்த்தல், நிலம் வாங்குதல், திருமணம், கோயில் திருப்பணி என அப்பணத்தின் பயன்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவ்வகைப்பாட்டில் இடம்பெறாத ஒரு பணம் உண்டு. சிறைப்பட்ட ஒருவரின் பொருட்டு அனுப்பப்படும் பணமே அது. அனுப்புவோர் வெட்கத்தாலோ அச்சத்தாலோ அதனைப் பிறரிடம் சொல்வதில்லை. பெறுவோரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே அது சான்றின்றி மறைந்து போகிறது.

அவ்வாறு மறையாமல் நின்ற பணம் ஒன்று தமிழர் வரலாற்றில் உள்ளது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு அனுப்பிய நிதி அது. அதனை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சிறைப்பட்டவர்க்கு அனுப்பும் பணம் உண்மையில் எங்குச் செல்கிறது, அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வினாக்கள் ஜொகூர்த் தமிழர் வரலாற்றுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது இறுதிப் பகுதியில் கூறப்படும்.

சிறையும் வீடும்

வ.உ.சி. தூத்துக்குடியில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். 1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் கடுங்காவல் அனுபவித்த அவர், 1912 டிசம்பரில் விடுதலையானார்.

கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த செய்தி தமிழ்ப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்ததே. அதே ஆண்டுகளில் அவர்தம் குடும்பம் என்ன உண்டு வாழ்ந்தது என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. வழக்கறிஞரின் வருவாய் கைதான அன்றே நின்றுவிட்டது. மேல்முறையீட்டுச் செலவோ அன்றுதான் தொடங்கியது. தண்டனையால் வழக்காடும் உரிமத்தையும் அவர் இழந்தார். ஆதலால் விடுதலைக்குப் பின்னும் வருவாய் திரும்பவில்லை. அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் தீர்ப்பைக் கேட்டு மனநிலை பிறழ்ந்தார். மனைவி மீனாட்சி அம்மாள் இளம் பிள்ளைகளுடன் வழக்கின் சுமையையும் தாங்க நேர்ந்தது.

கடுங்காவல் கைதியின் உணவும் உடையும் வேலையும் சிறை விதிக்குட்பட்டவை. பணம் அவர் கையில் தங்குவதற்கு அங்கே இடமில்லை. எனவே 'சிறையிலிருப்பவருக்கு அனுப்பிய பணம்' என நாம் வழங்குவது பெரும்பாலும் மூன்று இடங்களையே சென்றடைகிறது: வழக்கறிஞரின் கட்டணம், சிறைக்குச் சென்று வரும் வழிச்செலவு, வீட்டு அடுப்பு. கைதியின் பெயரால் திரட்டப்படும் தொகை கைதியின் குடும்பத்தையே காக்கிறது. வ.உ.சி. குடும்பத்திற்கு வந்த உதவியையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும்.

அனுப்பியவர் யார்?

அவருக்கு உதவியோருள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வாழ்ந்த வேதியப்பிள்ளை முதன்மையானவர். அங்கிருந்த தமிழர்களிடம் பணம் திரட்டி அனுப்பியவர் அவர். அந்நன்றியின் நினைவாகவே வ.உ.சி. தம் மகளுக்கு வேதவல்லி எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் தம் வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டதும் இவ்வகையினதே. பெற்ற உதவியைத் தம் பிள்ளைகளின் பெயர்களில் அவர் பதிவு செய்து வைத்தார் எனலாம்.

கடல்கடந்து கரும்புத் தோட்டங்களிலும் சிறு வணிகத்திலும் உழைத்த மக்கள், தாம் நேரிற் கண்டிராத ஒரு தூத்துக்குடி வழக்கறிஞருக்குப் பணம் அனுப்பியது ஏன்? தேசப்பற்று ஒரு விடை. அதனினும் அணுக்கமான காரணம் ஒன்று உண்டு. அவர்கள் சிறையை அறிந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறையில் வேலைக்கு வாராமை குற்றமாகக் கருதப்பட்டுச் சிறைத்தண்டனைக்கு உரியதாயிற்று. 1906இல் டிரான்சுவாலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோருள் தமிழர் பெருந்தொகையினர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார்.

அப்போராட்டத்தில் கைதிகளின் குடும்பங்களைக் காப்பது பெருஞ்சிக்கலாயிற்று. தேவைக்கேற்ப ஒவ்வொரு குடும்பத்திற்கும் மாதந்தோறும் பணம் வழங்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு தேவை என்பதை யார் முடிவு செய்வது? நேர்மையாளர் குறைவாகக் கேட்கவும் மற்றவர் மிகுதியாகக் கேட்கவும் வாய்ப்பிருந்தது. நிதியோ கரைந்துகொண்டிருந்தது. 1909இல் இரத்தன் டாட்டா 25,000 ரூபாய் வழங்கினார். அத்தகைய கொடைகளாலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க இயலாது என்பதை உணர்ந்த காந்தி, குடும்பங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கூட்டு வாழ்க்கை நடத்த விரும்பினார். அவருடைய நண்பர் கல்லன்பாக் 1910இல் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் தால்சுதாய் பண்ணை இவ்வாறே தோன்றியது. புகழ்பெற்ற அப்பண்ணையின் தோற்றத்திற்குச் சிறைப்பட்டோர் குடும்பங்களுக்குப் படியளக்கும் சிக்கலே உடனடிக் காரணமாக அமைந்தது. வ.உ.சி.க்குப் பணம் அனுப்பிய தமிழர் இத்தகைய பட்டறிவு உடைய சமூகத்தினர்.

347 ரூபாய் 12 அணா

தென்னாப்பிரிக்காவில் வ.உ.சி.யின் பொருட்டுத் திரட்டப்பட்ட ஒரு தொகை காந்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. அது உரியவரைச் சென்றடையவில்லை. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து ஜி.ஏ. நடேசனின் இல்லத்தில் தங்கியிருந்தார். அப்போது இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்துத் தொடங்கியது. ஆ.இரா. வேங்கடாசலபதி இக்கடிதங்களை ஆராய்ந்து எழுதிய நூலின் தலைப்பிலேயே அத்தொகை இடம்பெற்றுள்ளது.

இக்கடிதங்களில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியன. முதலாவது, பணத்தைப் பற்றிய பேச்சைக் காந்தியே தொடங்கினார். தம்மிடம் தரப்பட்ட பணம் வந்து சேர்ந்ததா என்று அவர் வினவினார். வரவில்லை என்று வ.உ.சி. விடையிறுத்தார். தம் குடும்பம் அண்மை ஆண்டுகளில் தென்னாப்பிரிக்க நண்பர்களின் உதவியால் வாழ்ந்து வருவதையும், தம் இன்றைய நிலையில் அன்பாக அளிக்கப்பட்ட தொகையை வேண்டாவென மறுப்பது அறிவுடைமையாகாது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். வள்ளன்மைக்குப் பெயர்பெற்ற ஒருவர் இவ்வரிகளை எழுத எத்துணை மனவுறுதி வேண்டியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காந்தி குறித்த விடியற்காலை நேரத்திற்கு வந்து சேர்வதில் அவருக்கு ஐயமிருந்தது. தம் பகுதியிலிருந்து டிராம் வண்டி காலை ஐந்தரைக்குப் பின்னரே புறப்படும் என அவர் எழுதியதிலிருந்தே அவர்தம் அன்றைய வறுமை புலனாகும்.

இரண்டாவது, காலத்தாழ்வு. பணம் தந்தவர்களின் பெயரும் தொகையும் காந்தியின் கைவசம் இல்லை. தென்னாப்பிரிக்காவிற்கு எழுதிக் கேட்கவேண்டியிருந்தது. வ.உ.சி. மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். 1916ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம் கழிந்திருந்தது. அத்தொகை, அவர் தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் 14 பங்குகளின் விலையைவிடச் சற்றே குறைவானது.

இதனைக் காந்தியின் குறையென்றோ வ.உ.சி.யின் பிடிவாதமென்றோ சுருக்கிவிடுதல் பொருந்தாது. போராட்டத்தின் நடுவே பலரிடமிருந்து பல நோக்கங்களுக்காக வந்த பணத்தைக் கையாண்டவர் ஒருவர். பசியின் நடுவே தம் பெயரால் திரட்டப்பட்டதைக் கேட்டவர் மற்றவர். நன்கொடையைப் பெறுபவர் கணக்குக் கேட்பது நன்றியின்மை என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக உள்ளது. கொடுத்தவர் கேட்கலாம், பெறுபவர் கைகூப்ப வேண்டும் என்பதே வழக்கம். சிறைப்பட்டவர் நிலையில் இவ்வழக்கம் தீங்கு விளைவிக்கிறது. ஏனெனில் அவர் பெயரால் பணம் திரட்டப்படும்போது அவர் அங்கில்லை. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எவ்வளவு வந்தது என்பதை அவரால் காண இயலாது. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கும் அவர் குடும்பத்திற்குமே முதலில் உரியது. வ.உ.சி. அவ்வுரிமையைக் கண்ணியம் குன்றாமல் பயன்படுத்தினார். காந்தியும் அதனை மறுக்காமல் கடனைத் தீர்த்தார்.

ஜொகூர் நோக்கில்

வ.உ.சி. சிறையிலிருந்த காலம் ஜொகூர்த் தமிழர் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்க காலமாகும். 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றது. அதனையொட்டி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்து, கங்காணி முறை முதன்மை பெற்றது. தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையோடு பிணைந்தது. உழைப்பவர் சிறைப்பட்டால் கூலி நிற்கும். லயத்து வீட்டில் தொடர்ந்து குடியிருப்பதும் கேள்விக்குள்ளாகும். தூத்துக்குடி வழக்கறிஞரின் குடும்பத்திற்கு நேர்ந்ததைவிட இது கடுமையான நிலை. ஜொகூர் பாருவின் ஆயர் மோலேக் சிறை 1880களில் எழுந்து 2005 வரை இயங்கியது. அதன் கட்டட வரலாற்றை எழுத இயலும். அதன் வாயிலில் காத்திருந்த குடும்பங்களின் வரலாற்றை எழுதச் சான்றுகளைத் தேட வேண்டியுள்ளது.

குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிம்பாங் ரெங்கம் இவ்வகையில் தனிக்கவனம் பெறவேண்டிய இடம். 1969 மே 13 கலவரத்திற்குப் பின் பிறப்பிக்கப்பட்ட பொது ஒழுங்கு மற்றும் குற்றத்தடுப்பு அவசரச் சட்டம், ஒருவரை 60 நாள் காவலில் வைக்கவும், பின்னர் உள்துறை அமைச்சரின் ஆணையால் விசாரணையின்றி இரண்டாண்டுகள் தடுத்து வைக்கவும் இடமளித்தது. ஆணையைப் புதுப்பிக்கவும் இயலும். அவ்வாறு தடுத்து வைக்கப்பட்டோர் சிம்பாங் ரெங்கம் புனர்வாழ்வு மையத்தில் வைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். நாடாளுமன்றம் 2011இன் இறுதியில் அவசரகாலப் பிரகடனங்களை நீக்கியது. 2012இல் அச்சட்டம் காலாவதியாயிற்று.

வ.உ.சி.யின் தண்டனைக்கு ஓர் எல்லை இருந்தது. எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்பதை அவர் குடும்பம் எண்ணிப் பார்க்க முடிந்தது. புதுப்பிக்கத்தக்க தடுப்பாணைக்கு அத்தகைய எல்லை இல்லை. வட மாநிலமொன்றில் வாழும் தாய் மகனைக் காணச் சிம்பாங் ரெங்கம் வரை சென்று திரும்ப வேண்டுமெனில், பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் ஒவ்வொரு முறையும் உண்டு. ஆட்கொணர்வு மனுவுக்கு வழக்கறிஞர் செலவு வேறு. எத்தனை ஆண்டுகளுக்கு இச்செலவைத் திட்டமிடுவது என்பதற்கு அவளிடம் விடையில்லை. நகையை அடகு வைப்பதா, விற்பதா என்னும் முடிவே அதனைப் பொறுத்தது. தண்டனையின் நீளம் நீதிமன்றப் பதிவில் இருக்கும். அதன் விலை குடும்பத்தின் அடகுச் சீட்டில்தான் இருக்கும்.

எனவே இத்துறையில் சான்று தேடுவோர் சட்ட ஆவணங்களோடு நின்றுவிடலாகாது. அடகுச் சீட்டு, அஞ்சல் பணவிடைத் துண்டு, பயணச் சீட்டு, சிறையிலிருந்து வந்த கடிதம், கோயில் அல்லது சங்கம் வசூலித்த நன்கொடைப் பற்றுச்சீட்டு ஆகியன அனைத்தும் வரலாற்றுச் சான்றுகளே. அஞ்சல் பணவிடைத் துண்டில் பெயர், தொகை, நாள் ஆகியவற்றோடு சில சொற்கள் எழுதவும் இடமுண்டு. பணம் அனுப்பியவர் அங்கு எழுதிய ஓரிரு சொற்கள் நீண்ட அறிக்கைகள் கூறாததைக் கூறவல்லன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் குடும்பங்களின் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெயர்களை வெளியிடாமலும், விருப்பமில்லாதோரை வற்புறுத்தாமலும் இச்சான்றுகளைத் திரட்ட அவர்களால் இயலும். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை ஆராய்வது இப்பணியின் நோக்கமன்று. குற்றவாளியின் பிள்ளைக்கும் பசி உண்டு. அப்பசி தீர்ந்த வழியும் சமூக வரலாற்றின் பகுதியே.

முடிவுரை

வ.உ.சி. வரலாற்றில் 347 ரூபாய் 12 அணா ஒரு சிறு செய்தி. எனினும் சிறைப்பட்டவரின் பொருட்டுச் செல்லும் பணத்தைப் பற்றிய இரு உண்மைகளை அது நமக்கு உணர்த்துகிறது. அப்பணம் சிறைச் சுவருக்கு வெளியே உள்ள வீட்டைத் தாங்குவது. அதற்குக் கணக்கு வேண்டும். அக்கணக்கைக் கேட்கும் முதல் உரிமை, யார் பெயரால் அது திரட்டப்பட்டதோ அவருக்கே உண்டு. கைதானவர்களின் குடும்பங்களுக்காக நம் சமூகத்தில் நிதி திரட்டும் அமைப்புகள், கொடுத்தோர் பெயரையும் தொகையையும் அன்றே எழுதி, அதன் படியொன்றை அக்குடும்பத்திடம் ஒப்படைத்தல் நன்று. 1915இல் அத்தகைய ஒரு தாள் இருந்திருப்பின் வ.உ.சி. ஒன்பது மாதம் காத்திருக்க நேர்ந்திராது.