கட்டைகளை நிமிர்த்தி வைத்தது யார்?

ஊரில் இரண்டு நாளாக நல்ல மழை. கரண்ட் வந்து வந்து போகிறது. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு ஒரு செய்தி இருக்கிறது.

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குப் பத்தாவது பிறந்தநாள். "அம்மாச்சி, இன்னைக்கு நீங்களும் விளையாடணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல் மாடி. உள்ளே போனால் ஒரு பக்கம் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள், ஒரு பக்கம் சாப்பாட்டு மேசைகள், இன்னொரு பக்கம் வரிசையாகப் புட்டிகள் அடுக்கிய பார். நடுவில் பளபளவென்று மரப்பலகைத் தடங்கள். அதுதான் பௌலிங். கிரிக்கெட் பௌலிங் இல்லை. கனமான பந்தை உருட்டி, தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம்.

பார் என்றதும் எனக்குக் கால் தயங்கியது உண்மை. நம் ஊரில் பார் என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பித் தோட்டத்துக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கோ குழந்தைகள், பாட்டிமார்கள், ஆபீஸ் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். நான் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார விடவில்லை. செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வாடகைக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். சேலை கட்டி, சாக்ஸ் மாட்டி, ஷூ போட்டு நின்ற என்னைப் பார்த்துப் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பந்தில் எடை எண் போட்டிருக்கிறது. மிகக் கனமானது 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். தடத்தின் கோட்டிலிருந்து முதல் கட்டை 60 அடி தூரம். கிரிக்கெட் ஆடுகளம் 66 அடி என்று உங்களுக்குத் தெரியும், அதைவிட ஆறடி குறைவு. என் முதல் இரண்டு பந்துகளும் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து ஓடின. மூன்றாவதில் நான்கு கட்டை சாய்ந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய கைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் எங்கள் தடத்தில் இயந்திரம் சிக்கிக்கொண்டது. விழுந்த கட்டைகளை அள்ளி, மறுபடி நிறுத்தி வைப்பது இயந்திரம்தான். அது பாதியில் நின்றுவிட்டது. கட்டைகளுக்குப் பின்னால், திரைக்கு அடியில், இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு பையன் குனிந்து, சிக்கிய கட்டையை உருவி எடுத்துவிட்டு மறைந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது எந்த ஊர் என்று கேட்டேன். அஸ்ஸாம் என்றான். இருபது வயது இருக்கும். அதுவரை அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி, விடுமா?

உருட்டி விளையாடுவது மிகப் பழையது. எகிப்தில் சுமார் 5200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழந்தையின் கல்லறையில் கிடைத்த சிறு கல் உருண்டைகளையும் கட்டைகளையும் இப்படி ஒரு ஆட்டத்துக்கானவை என்று ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் கருதினார். ஆனால் யார் விளையாடலாம் என்பதில் எப்போதும் ஒரு கோடு இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் தன் அரண்மனையில் பந்து உருட்டும் கூடம் வைத்திருந்தார். அவர் காலத்து 1541ஆம் ஆண்டுச் சட்டமோ, கைத்தொழிலாளர்களும் கூலிகளும் வேலைக்காரர்களும் கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாளில் பந்து உருட்டக் கூடாது என்றது. அந்தத் தடை 1845இல்தான் நீங்கியது.

ஜெர்மானியரும் டச்சுக்காரரும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது ஒன்பது கட்டை ஆட்டம். குடிக்கூடங்களில் பந்தயம் கட்டி ஆடினார்கள் என்று 1841இல் கனெக்டிகட் மாநிலம் அதைத் தடை செய்தது. சட்டத்தை ஏய்க்கவே பத்தாவது கட்டையைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துக் கட்டை ஆட்டம் அதற்கு முன்பே இருந்ததற்குச் சான்று இருக்கிறது. கதையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

பாருக்கும் இந்த ஆட்டத்துக்கும் உறவு பழையது. பிரன்ஸ்விக் என்ற அமெரிக்க நிறுவனம் பில்லியர்ட்ஸ் மேசையும் செய்தது, குடிக்கூடங்களுக்கு மர அலங்காரமும் செய்தது, பௌலிங் பந்தும் செய்தது. 1895இல் நியூயார்க்கில் ஒரு சங்கம் கூடி ஆட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தது. அதே சங்கம் வெள்ளையர் அல்லாதவரை 1950 வரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

சரி, அந்தக் காலத்தில் இயந்திரம் ஏது? விழுந்த கட்டைகளை யார் நிமிர்த்தி வைத்தார்கள்? சின்னப் பையன்கள். தடத்தின் கோடியில், பந்து வந்து மோதுகிற குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பந்து வந்ததும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பிறகு குதித்து இறங்கி, கட்டைகளை நிறுத்தி, பந்தைத் திருப்பி உருட்டிவிட வேண்டும். நள்ளிரவு தாண்டியும் வேலை.

இதை உலகத்துக்குக் காட்டியவர் லூயிஸ் ஹைன். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர். 1908இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலை எதிர்த்த ஒரு குழுவுக்காகக் கேமராவோடு ஊர் ஊராகப் போனார். 1910இல் புரூக்ளினில் ஒரு பௌலிங் கூடத்தில் இரவு ஒரு மணிக்கு அவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அவர்களைவிடச் சின்னப் பையன்கள் மூன்று பேரை முதலாளி படத்தில் வராமல் ஒதுக்கிவிட்டார் என்று குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படத்தை என் கைப்பேசியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1938இல் அங்கே குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. கட்டை நிறுத்தும் இயந்திரம் 1946இல் மக்கள் முன் காட்டப்பட்டு, 1950களின் தொடக்கத்தில் கூடங்களுக்கு வந்தது. அதோடு அந்தப் பையன்களின் வேலை முடிந்தது.

இது அமெரிக்காக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலும் வெள்ளைக்காரர்கள் குடிக்கும் ஆட்டத்துக்கும் ஒரே கூரை போட்டுக்கொண்டார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடும் ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்து, 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்டது. கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845இல் அமெரிக்க மிஷனரிமார் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். 1887இல் ஆங்கிலேயருக்கான கிளப், 1890இல் படகுக் கிளப், 1895இல் கோல்ஃப் கிளப். பொதுமக்களும் சுற்றுலா வந்தவர்களும் படகில் ஏற 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து மலையேற்றியது நம் ஆட்கள்தான். கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கியதும், டென்னிஸ் பந்தைப் பொறுக்கியதும் இந்த மலைப் பிள்ளைகள்தான். ஆடியவர்கள் பெயர் கிளப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கும். பந்து பொறுக்கியவன் பெயர் எங்கே இருக்கும்?

ஒருவன் பெயர் என் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை அடித்தவள் நான்.

1989. நான் வேலைக்கு வந்து ஐந்தாவது வருடம். ஐந்தாம் வகுப்பு. சீசன் தொடங்கினால் வகுப்பில் இடம் காலியாகும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். கார்த்திகை மார்கழியில் காப்பிப் பழம் எடுக்கப் போவீர்கள். ஏப்ரலில் சில பையன்கள் ஊத்து வழியாக பஸ் ஏறிக் கொடைக்கானல் போய்விடுவார்கள். அந்தப் பையன் மார்ச்சிலேயே போய்விட்டான். கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பாடு சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வான். தினமும் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன். பரீட்சைக்கும் வரவில்லை. விதிப்படி பெயரை நீக்கினேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று வந்து நின்றான். புதுச் சட்டை, எண்ணெய் தடவிய தலை. "எங்கடா போனாய்?" என்றேன். ஒரு விடுதியில் பந்து பொறுக்கிப் போட்டதாகவும், ராத்திரி தட்டு கழுவியதாகவும் சொன்னான். அந்தச் சட்டை அவன் சம்பாத்தியத்தில் வாங்கியது. எனக்கு வந்தது கோபம். "பள்ளிக்கூடம் என்ன சத்திரமா? உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்பா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோனார் என்று எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. அதற்குள் அவன் மலை இறங்கிவிட்டான். வீடு தேடிப் போனேன், பூட்டியிருந்தது.

அன்றைக்குச் சட்டமும் அவனுக்குத் துணையில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. ஆனால் ஓட்டல், டீக்கடை, விடுதி, கேளிக்கை மையம் இவற்றில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. விட்டுப் போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில்தான் அமலானது. சட்டம் இல்லாத காலத்தில் ஒரு ஆசிரியருக்கு இருக்க வேண்டியது கேட்கும் காது. "அப்பா எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆசிரியப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு வரவில்லை.

ஹைன் சாருக்கு வந்தது. அவர் கூடத்துக்குள் போய், ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, தடத்தின் கோடியில் இருந்த பையன்களைப் படம் எடுத்தார். நான் வாசலில் வந்து நின்ற பையனையே பார்க்கவில்லை.

பெங்களூரில் என் பேரன் ஒரே உருட்டில் பத்துக் கட்டையும் சாய்த்துவிட்டுக் குதித்தான். நானும் கை தட்டினேன். அவன் குதித்ததில் தவறு ஒன்றுமில்லை. பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும். அந்தப் பையனுக்கும் அன்று பத்து வயதுதான்.

உங்களில் பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறீர்கள். சீசனுக்கு ஊர் வரும்போது விடுதிகளில் தங்குகிறீர்கள், பிள்ளைகளை விளையாடக் கூட்டிப் போகிறீர்கள். சந்தோஷமாக இருங்கள். ஆனால் தட்டு எடுக்கிற, ஷூ கொடுக்கிற, குதிரை பிடிக்கிற கை சின்னக் கையாக இருந்தால் சும்மா வராதீர்கள். 1098 என்று ஒரு எண் இருக்கிறது. கூப்பிடுங்கள்.

கடைசியாக அந்தச் செய்தி. வாய்ப்பாடு சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்ளும் அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. அவனுக்கு அது என்ன சங்கடமோ. உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லுங்கள். தம்பி, நீயே படித்தால், வீட்டுக்கு வா. வீடு மாறவில்லை, அதே தெருதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நீ வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பண்ணைக்காடு