பாடகர் போட்ட முதல் புத்தகம்

எங்க குடிகாட்டிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. அந்தச் சிதம்பரத்துக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே காலம் கழித்தவர் நந்தனார். அவர் கதையைப் பாட்டாக்கிய கோபாலகிருஷ்ண பாரதி (இறப்பு 1896) அதைப் புத்தகமாக்கப் பட்ட பாடு பற்றித்தான் இந்தக் குறிப்பு.

பாரதி கதாகாலட்சேபக்காரர். பெரியபுராணத்தில் நந்தனாருக்கு முதலாளி கிடையாது. சிதம்பரம் போக விடாமல் தடுக்கும் வேதியர், பாரதி புதிதாகச் சேர்த்த பாத்திரம். பாட்டு ஊரெல்லாம் பரவியாச்சு. ஆனா அச்சுக்குப் போகணும்னா அந்தக் காலத்தில் பெரிய புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேணும். பாரதி போய் நின்றது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்.

பிள்ளை உடனே கொடுக்கவில்லை. கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருந்தன. பாரதியோ விடாமல் திரும்பத் திரும்ப வந்தார். ஒரு நாள் பிள்ளை வீட்டுக்குள் ஓய்வில் இருக்க, திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தாராம். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். இதைப் பதிவு செய்தவர் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர். காரைக்காலில் இருந்த சிஸே என்ற பிரெஞ்சு அதிகாரியின் உதவியால் 1860-களின் தொடக்கத்தில் புத்தகம் அச்சானது.

வழக்கமா இதை 'பக்தி இலக்கணத்தை வென்றது' என்று சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. பிள்ளை ஏட்டில் பார்த்த பிழை நிஜம்தான். அவர் பார்க்காதது, ஏட்டில் இல்லாத பாதியை. நம்ம தொழில் பாஷையில் சொன்னா, கையில் சோர்ஸ் கோடு இருந்தது, அது ஓடிப் பார்த்ததில்லை.

அந்தப் பாதி அச்சிலும் ஏறவில்லை. ராகம், தாளத்தின் பெயரைப் போடலாம். மெட்டு வேணும்னா பாடுறவர் வேணும். பின்னாளில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் காலட்சேபத்தில் பாடித்தான் அது பரவியது.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் பேரன். குடும்பச் சொத்தாக இருந்த உருப்படிகளை வெளியிடச் சொல்லித் தூண்டியவர் சின்னசாமி முதலியார். அச்சிட்டது எட்டயபுரம் சமஸ்தானம். 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வந்தபோது தீட்சிதருக்கு வயது 65. அதில் ஸ்வரம் உண்டு, கமகத்துக்குத் தனிக் குறிகளும் உண்டு. 1906-இல் அவர் காலமானார். இரண்டே வருஷம் தள்ளிப் போயிருந்தா?

அதனாலதான் இதை எழுதுறேன். நம்ம பக்கத்துல இன்னைக்கும் தெருக்கூத்துப் பாட்டு, நாதஸ்வர மல்லாரி எல்லாம் தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்க. வார்த்தையை எழுதி வாங்கினா மட்டும் போதாது. பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. போனில் பண்ணினாலும் சரி, 'நாளைக்குப் போகலாம்'னு மட்டும் வேண்டாம்.