சுவரில் ஒட்டிய காதல்



"அண்ணே, வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்க. ஆனா ராஜா, போர், பட்டாபிஷேகம் எல்லாம் வேண்டாம்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அப்படியானால் சுவரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பஸ்ஸில் போய்வந்து படித்த நாம், பாடப்புத்தகத்தைவிட அதிகமாகப் படித்தது சாலையோரச் சினிமா சுவரொட்டிகளைத்தானே!

இன்றைய மாணவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் பார்க்கிறேன். மனதுக்குப் பிடித்த காதல் படத்துக்குத் தாங்களே ஒரு சுவரொட்டி வரைகிறார்கள். கம்பெனி கொடுத்த படம் அல்ல. தாங்கள் பார்த்த படம். இதற்கு 'மாற்றுச் சுவரொட்டி' என்று பெயர் சொல்கிறார்கள். இது வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இதன் வேர் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

வாசலில் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை

ஒரு காலத்தில் சினிமா போஸ்டர் என்றால் சிவகாசி. 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்களே பிறகு காலண்டரும் சினிமா போஸ்டரும் அடித்தன. லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் படம் எழுத வேண்டும். கன்னத்தின் சிவப்பு ஒரு முறை, சேலையின் நீலம் ஒரு முறை என்று காகிதம் பல தடவை இயந்திரத்துக்குள் போய்வரும். நிறம் ஒரு நூல் விலகினாலும் கதாநாயகிக்கு இரண்டு உதடு!

ஆனால் அச்சடித்த போஸ்டர் மட்டும் கொட்டகைக்குப் போதாது. வாசலில் பெரிய பேனர் வேண்டும். டீக்கடை ஓரத்தில் தட்டி வேண்டும். அங்கேதான் உள்ளூர் ஓவியர் வருகிறார். ஸ்டில்லின் மேல் கட்டம் போடுவார். துணியில் அதே கட்டத்தைப் பெரிசாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவார். படம் அவர் பார்த்திருக்க மாட்டார். கையில் இருப்பது நாலு ஸ்டில்லும், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் பாட்டுப் புத்தகமும்தான். அதை வைத்துக்கொண்டு காதலை அவரே கற்பனை செய்ய வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளை; பேனரோ ரோஜா நிற முகம், நீல நிழல், மஞ்சள் வானம். வாசலில் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. அந்த வண்ணங்களை டைரக்டர் எடுக்கவில்லை, நம்ம ஊர் ஓவியர் கொடுத்தார். இதைவிட 'மாற்று' என்ன வேண்டும்?

இந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு மரபும் உண்டு. கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898-1976) சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதினார். கோவில்பட்டியில் நிலைத்து, அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. நாடகப் படுதாவும், காலண்டரும், சினிமா பேனரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றே நான் நினைக்கிறேன்.

வெளியே பார்த்தால்...

கல்கத்தாவில் சத்யஜித் ராய் 1943இல் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியராகச் சேர்ந்தவர். டைரக்டர் ஆன பிறகும் தூரிகையை விடவில்லை. 'சாருலதா' (1964) உட்படத் தன் படங்களின் சுவரொட்டிகளைத் தானே வடிவமைத்தார்.

போலந்து நாட்டில் இன்னும் விசேஷம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சினிமா விநியோகம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. ஹாலிவுட் படம் வந்தாலும் ஹாலிவுட் போஸ்டரை ஒட்டவில்லை. ஓவியர்களைக் கூப்பிட்டுப் புதிதாக வரையச் சொன்னார்கள். ஓர் இளவரசிக்கும் பத்திரிகை நிருபருக்கும் ஒரே நாளில் முளைத்த காதலைச் சொல்லும் 'ரோமன் ஹாலிடே'க்கு எர்ஸி ஃபிளிசாக் என்ற ஓவியர் 1959இல் வரைந்த சுவரொட்டி இன்றும் பேசப்படுகிறது. நட்சத்திரத்தை விற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஓவியர் கதையை வரைந்தார். 1968இல் வார்சாவின் விலானூவில் சுவரொட்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். நாம் மாட்டுக்குத் தின்னக் கொடுத்ததை அவர்கள் கண்ணாடிக்குள் வைத்தார்கள்!

எதை வரைவது?

அதே 1959இல் இங்கே வந்த காதல் படம் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு'. அக்காவும் தங்கையும் ஒருவனையே நேசிக்கிறார்கள். தங்கை விட்டுக்கொடுக்கிறாள். அக்கா இறந்துபோகிறாள். கடைசியில் அவன் தன் குழந்தையைக் கொண்டுவந்து, வேறொருவரை மணக்கும் அந்தத் தங்கையின் கையில் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். இதற்கு மாற்றுச் சுவரொட்டி வரைவதென்றால், ஜெமினி கணேசன், சரோஜாதேவி, விஜயகுமாரி மூவர் முகமும் எதற்கு? மணமேடைக்கு எதிரே ஒரு சின்னக் கை நீண்டால் போதும். படம் பார்க்காதவனுக்கு அது கேள்வி, பார்த்தவனுக்குக் கண்ணீர்.

முகமில்லாமல் காதலா என்று கேட்கிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். ஆண்டாள் காதலை நம் ஊர் எப்படிச் சொல்கிறது? ஒரு மாலை. அதைச் சூடி அவள் அழகு பார்த்த கண்ணாடிக் கிணறு. அவள் கையில் தினமும் இலைகளால் புதிதாகச் செய்து வைக்கும் கிளி. காதலன் இதில் எங்கேயும் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் இருக்கிறான். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. ஒரு பொருள் ஒரு காதலைச் சுமக்கும் என்பதை நமக்கு எந்த டிசைன் பள்ளியும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயர் எங்கே?

இனி மனதை உறுத்தும் விஷயம். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு வாரத் தூரிகை வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. பேனர் ஓவியர்கள் பள்ளிச் சுவர், கடைப் பலகை என்று ஒதுங்கினார்கள். பலர் தொழிலையே விட்டார்கள். ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, நீங்க ஏன் பேனர்ல பேர் போடல?" என்று கேட்டேன். "அடுத்த வெள்ளிக்கிழமை அதே துணியில வெள்ளை அடிச்சு வேற படம் எழுதணும். பேரை வச்சு என்ன தம்பி செய்ய?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேர்த்து வைத்தால் மிஞ்சும் என்பதற்கும் சாட்சி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்தான். அவர் ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயின.

ஆகவே தம்பி தங்கைகளே, மாற்றுச் சுவரொட்டி வரையுங்கள். கீழே உங்கள் பெயரைத் தைரியமாகப் போடுங்கள். வரைவதற்கு முன் உங்கள் தெருவில் இருக்கும் ஒரு பழைய பேனர் ஓவியரைத் தேடிப் போங்கள். எந்தக் கொட்டகை, எந்தப் படம், என்ன கூலி, எப்படிக் கலர் சேர்த்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு போட்டோ மிஞ்சியிருந்தால் பிரதி எடுங்கள். அடுத்த சந்திப்பில் நம் அரங்கச் சுவர் ஒன்றை இதற்கென்று ஒதுக்கித் தரும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் உங்கள் படங்கள், மறுபக்கம் அவர்கள் பெயர்கள்.

ஆணி அடிக்க நான் வருகிறேன்!