பொய்யெனத் தள்ளப்பட்ட மெய்: குருதியுறைவுச் சோதனை ஒன்றின் வரலாறு

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலின் பெருமையையும், இயற்கைத் துறைமுகத்தின் சிறப்பையும், அத்துறைமுகத்தின்பொருட்டு ஐரோப்பியர் பொருத போர்களையும் கூறுதல் வழக்கம். மருத்துவ வரலாற்றை நோக்குவார்க்கோ இம்மாவட்டம் வேறு இரு பொருள்களை நினைவூட்டும். ஒன்று, தம்பலகாமம், கந்தளாய், மூதூர் முதலிய இடங்களின் நெல்வயல்களில் உழவர் அஞ்சும் கண்ணாடி விரியன். மற்றொன்று, துறைமுக நகரங்களைத் தொடர்ந்து வருத்திய மேகநோயைக் கண்டறியச் செய்யும் குருதிச் சோதனை. தம்முள் தொடர்பற்றனபோலத் தோன்றும் இவ்விரண்டும் பிறிதொரு நோயை அறியும் முயற்சியிலே வந்து கூடின. அக்கூட்டத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

உடலினுட் புகும் பகைப்பொருள்களை எதிர்த்தற்குக் குருதியிலே பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. சிலரிடத்தில் இக்காவற்படை தன் நாட்டையே தாக்கும் படைபோல உடலின் சொந்தப் பொருள்களையே எதிர்க்கின்றது. கலங்களின் மென்சவ்விலுள்ள பொசுபோலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருளையும், அதனோடு சேரும் புரதங்களையும் அவ்வாறு எதிர்க்குமாயின், நாளங்களிலே குருதி கட்டியாக உறையும். இளவயதிலே பக்கவாதம் வரும். காலிலும் நுரையீரலிலும் குருதிக்கட்டி தோன்றும். கருவுற்ற மகளிர்க்குக் கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேரும். காரணம் அறியப்படாத காலத்தில், பிள்ளையை இழந்த தாய் பழியையும் சுமந்தாள். ஆதலின் இந்நோயை அறியும் சோதனையின் வரலாறு வெறும் ஆய்வுக்கூட வரலாறு அன்று.

1906ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வாசர்மன் தம் துணைவருடன் மேகநோய்க்கெனக் குருதிச் சோதனை ஒன்றை அமைத்தார். நோயுற்று இறந்த சிசுவின் ஈரற்சாற்றை அவர்கள் பயன்படுத்தினர். அச்சாற்றிலுள்ள நோய்க்கிருமியையே பிறபொருளெதிரி பற்றுகின்றது என்று கருதினர். ஆயின், நோயற்ற விலங்குகளின் உறுப்புச் சாறும் அதே பயனைத் தருதல் விரைவிலே தெரியவந்தது. 1941இல் மேரி பாங்போண் என்னும் அம்மையார் மாட்டின் இருதயத்திலிருந்து அவ்வினைப்பொருளைப் பிரித்தெடுத்துக் கார்டியோலிப்பின் எனப் பெயரிட்டார். அது பொசுபோலிப்பிட்டு வகையைச் சார்ந்தது. 1946இல் வகுக்கப்பட்ட வீ. டி. ஆர். எல். சோதனையும் அதனையே அடிப்படையாகக் கொண்டது. இலங்கையிலே கருவுற்ற தாய்மார்க்கு மேகநோய்ச் சோதனை செய்தல் நெடுநாளைய வழக்கம். அதன் பயனாக, தாயிடமிருந்து மகவுக்கு அந்நோய் பரவுதலை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

எனினும் இச்சோதனைக்கு ஒரு குறை உண்டு. மேகநோயே இல்லாதார் சிலருக்கும் அது நோயுண்டு என்று காட்டும். மலேரியா, தொழுநோய் முதலியவற்றால் வருந்துவோரிடத்தில் இவ்வாறு நிகழ்தல் முன்னரே அறியப்பட்டது. மலேரியா பெருகியிருந்த காலத்து இலங்கைக்கு இஃது அயற்செய்தி அன்று. குற்றமற்ற ஒருவர்மீது, அதிலும் ஓர் இளம் மனைவிமீது, ஆய்வுக்கூடத் தாள் சுமத்தக்கூடிய களங்கத்தை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1949இல் நெல்சன், மேயர் என்போர் நோய்க்கிருமியையே நேராகக் கொண்டு செய்யும் சோதனையை வகுத்தபின், பொய்யான முடிவுகளைப் பிரித்தறிய வழி பிறந்தது. 1952இல் மூர், மோர் என்போர் அத்தகையோரை ஆராய்ந்தனர். சிலரிடத்தில் பொய்முடிவு சில மாதங்களில் மறைந்தது. வேறு சிலரிடத்தில் ஆண்டுக்கணக்காக நிலைத்தது. நிலைத்தவர் பலரிடம் லூப்பஸ் முதலிய தன்னெதிர்ப்பு நோய்கள் காணப்பட்டன. பொய்யென்று ஒதுக்கியதனுள் ஒரு மெய் மறைந்திருந்தது.

அதே 1952இல் கொன்லி, ஹாட்மன் என்போர் லூப்பஸ் நோயாளரின் குருதியிலே உறைதலைத் தாமதப்படுத்தும் பொருள் ஒன்று உலாவுதலை விவரித்தனர். 1972இல் அதற்கு ‘லூப்பஸ் உறைவெதிரி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இப்பெயர் இருவகையிற் பிழைபட்டது. அப்பொருளை உடையார் பலர்க்கு லூப்பஸ் இல்லை. அது உடலிலே உறைதலைத் தடுப்பதுமன்று. சோதனைக் குழாயிலே அப்பிறபொருளெதிரி பொசுபோலிப்பிட்டை மறைத்துக்கொள்வதால் உறைதல் தாமதிக்கின்றது. உடலினுள்ளோ நாளச் சுவரையும் குருதிச் சிறுதட்டுக்களையும் தூண்டி உறைதலை மிகுவிக்கின்றது. 1963இல் போவியும் துணைவரும் இத்தகைய நோயாளரிடத்தும் குருதிக்கட்டி தோன்றுதலை எடுத்துக்காட்டினர்.

சிதறிக்கிடந்த இச்செய்திகளை ஒரு நோயாகக் கோத்த பெருமை இலண்டன் ஹாமர்சிமித் வைத்தியசாலையிற் பணிபுரிந்த கிரகாம் ஹியூஸ் குழுவினரைச் சாரும். 1983இல் அவரோடு நைஜல் ஹாரிசும் கராவியும் சேர்ந்து, கார்டியோலிப்பினைப் பற்றும் பிறபொருளெதிரியை நுண்ணளவிலும் அளக்கும் முறையை வெளியிட்டனர். 1990இல் நெதர்லாந்து, அவுஸ்திரேலியா, யப்பான் நாடுகளின் ஆய்வாளர் தனித்தனியே மற்றோர் உண்மையைக் கண்டனர். குருதிக்கட்டியை விளைக்கும் பிறபொருளெதிரி வெறுங்கொழுப்பை அன்றி, அதனோடு சேரும் பீற்றா-2 கிளைக்கோபுரதம்-1 என்னும் புரதத்தையே நாடுகின்றது. தொற்றுநோயிலே தோன்றும் எதிரிகளோ பெரும்பாலும் இப்புரதத்தின் துணையின்றியே கொழுப்பைப் பற்றுவன. மேகநோயாளரின் குருதியில் அவ்வெதிரி இருந்தும் இத்தகைய உறைவு நோய் வாராமையின் காரணம் இதனால் விளங்கிற்று.

இனி விரியனிடம் வருவோம். கீழைக் கரையோரப் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பற்றிக் றசல் என்னும் மருத்துவரின் பெயரால் இப்பாம்பு ஆங்கிலத்தில் வழங்குகின்றது. இதன் நஞ்சு குருதியை உறையவைக்கும் காரணிகளுட் பத்தாவதனை நேரே தூண்டும். கடியுண்டவன் உடலிலே காரணிகள் அனைத்தும் செலவழிந்துவிட, ஈற்றிற் குருதி உறையாது ஒழுகும். 1934இல் மக்பர்லேன், பாணற் என்போர் நீர்த்த நஞ்சினைப் புண்ணில் இட்டுக் குருதிப்பெருக்கை நிறுத்தலாமெனக் காட்டினர். 1986இல் தியாகராஜன் என்னும் தமிழ்ப் பெயருடைய ஆய்வாளர் பெங்கோ, சப்பிரோ ஆகியோருடன், நீர்த்த நஞ்சையும் சிறிதளவு பொசுபோலிப்பிட்டையும் சேர்த்து உறையும் நேரத்தை அளக்கும் சோதனையை வெளியிட்டார். நேரம் நீண்டு, பொசுபோலிப்பிட்டை மிகுதியாக இட்டவிடத்துக் குறையுமாயின், உறைவெதிரி உண்டென்பது பெறப்படும். உயிர்கொல்லும் நஞ்சு உயிர்காக்கும் சோதனைக்குக் கருவியாயிற்று.

இன்று மருத்துவர் மூன்று சோதனைகளை ஒருங்கே நோக்குகின்றனர்: உறைவெதிரிச் சோதனை, கார்டியோலிப்பின் எதிரி, பீற்றா-2 புரத எதிரி. 2006இல் வெளியான சிட்னி நெறிகளின்படி ஒரு முறை கண்டது போதாது. குறைந்தது பன்னிரண்டு வாரங்களின் பின் மீண்டும் காணவேண்டும். காய்ச்சல், தொற்று என்பவற்றால் எழும் எதிரி மறைந்துவிடும். நோயை விளைப்பது நிலைத்திருக்கும். உறைவைத் தடுக்கும் மருந்துகளும் சோதனையை மயக்குமாதலின், அவற்றை உண்பவர் அதனை முன்கூட்டியே கூறல் வேண்டும். பிறபொருளெதிரி காணப்பட்டமை மட்டும் நோயாகாது. உறைவோ கருவிழப்போ உடனிருத்தல் வேண்டும். அவ்வாறு தெளிந்த தாய்மார்க்குக் கருக்காலத்தில் அசுப்பிரினும் ஹெப்பரினும் அளிக்கப்படுகின்றன. அம்மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு எழுபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிருள்ள மகவை ஈன்றெடுக்கின்றனர்.

எதிர்பார்த்த விடைக்கு மாறாக வந்ததைப் பிழையென்று வீசியிருந்தால், இத்தாய்மார் இன்றும் காரணமறியாது கலங்கிநிற்பர். வாசர்மன் தாம் தேடியதை ஒருபாற் கண்டார். தேடாததையும் தம்மையறியாமலே கண்டார். அதனைப் பொருளென்று உணர உலகிற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது. ஆய்வுக்கூடத்திலே பயிலும் நம் மாணவர், கணக்கோடு ஒவ்வாத அளவீட்டை அழித்தெழுதக் கையெடுக்குமுன் இவ்வரலாற்றைச் சிறிது நினைவிற்கொள்வாராக.