மம்மி: ஒரு மருந்தின் பெயர்

'மம்மி' எகிப்துச் சொல் அல்ல. அதன் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. அங்கே 'மூம்' என்றால் மெழுகு. மலைப்பாறையில் கசிந்து உறையும் கரும்பிசினுக்கு 'மூமியா' என்று பெயர். எலும்பு முறிவுக்கும் புண்ணுக்கும் அது மருந்து. நம் சித்த வைத்தியர்கள் இத்தகைய பாறைக்கசிவைக் 'கன்மதம்' என்பார்கள். கல்லின் மதம்! யானையின் மதநீர் வழியக் கண்டவர்களுக்கே இப்படிப் பெயர் வைக்கத் தோன்றும்.

மூமியா எகிப்துக்குப் போன கதை ஒரு பிழையின் கதை. எகிப்தியர் உடலை நேட்ரான் உப்பிட்டு உலர்த்தி, மரப்பிசின் பூசிப் பாடம் செய்தார்கள். பிசின் காலப்போக்கில் கறுத்து இறுகியது. பின்னாளில் அதைக் கண்டவர்கள் பாறை மருந்து என்றே எண்ணினார்கள். 1200-ஐ ஒட்டி எகிப்துக்குப் போன பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், அந்தக் கரும்பொருள் நிரம்பிய மூன்று தலைகளை அரை திர்ஹத்துக்கு வாங்கியதாக எழுதியிருக்கிறார். கசிவின் பெயர் பிசினுக்கு வந்தது; பிசினின் பெயர் உடலுக்கே ஆயிற்று. ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மனித உடலை இடித்த பொடி இதே பெயரில் விற்றது. 1582-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே கண்டித்து எழுதியும் அந்த வணிகம் ஓயவில்லை.

எகிப்தியரின் சொந்தச் சொல் 'சாஹ்'. பாடம் செய்த உடலுக்கும் அதுதான் சொல், மேன்மைக்கும் அதுதான். அந்த மேன்மையை உலகம் பொடியாக்கி விழுங்கியது என்பதை நினைக்கவே மனம் கூசுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் கூட்டம் கூட்டி, பாடவுடல்களின் கட்டுத்துணியை மேடையிலேயே அவிழ்த்துக் காட்டினார்கள். 1896-இல், எக்ஸ்ரே அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, ஃபிராங்க்ஃபர்ட்டில் வால்டர் கோனிக் ஒரு எகிப்தியப் பாடவுடலைப் படமெடுத்தார். அவிழ்க்காமல் பார்க்கும் வழி அன்று திறந்தது. எகிப்திய மன்னர் மூன்றாம் ராம்செஸைக் கொல்ல அந்தப்புரத்தில் சதி நடந்ததைத் துரின் நகரிலுள்ள பழைய பாப்பிரஸ் சொல்கிறது. அவர் கதி என்ன ஆனது என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. கழுத்துத் துணிக்கு அடியில் தொண்டை ஆழமாக அறுபட்டிருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டியது, 2012-இல் அது வெளியாயிற்று.

என்னை மிகவும் நெகிழச் செய்தவர் எகிப்திய மன்னர் முதலாம் அமன்ஹோதேப். 1881-இல் தேர் எல்-பஹ்ரியில் கிடைத்த அவர் உடலை, பூமாலையோடு கூடிய அந்த அழகான கட்டைக் குலைக்க மனமின்றி, ஆய்வாளர்கள் அவிழ்க்காமலே வைத்திருந்தார்கள். கதிரியக்க நிபுணர் சஹர் சலீமும் தொல்லியலாளர் சாஹி ஹவாஸும் சி.டி. ஸ்கேன் படங்களை ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது சுமார் 35. உயரம் 169 செ.மீ. துணிக்குள் 30 தாயத்துகள். கல்லறைத் திருடர்களால் துண்டாகியிருந்த தலையை, சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பூசாரிகள் பிசின் தோய்த்த துணியால் உடலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. மருந்தின் பெயரை விட்டு, அமன்ஹோதேப் என்றே சொல்வோம்.