ஒரு பெயரும் பல பொருளும்: செய்நிரல் மொழி வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

ஒரு சொல் பல பொருளைக் குறிக்குமாயின் கேட்போன் எதனைக் கொள்வான் என்னும் வினா தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. பல பொருள் ஒரு சொல்லை, வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது எனத் தொல்காப்பியர் இருவகைப்படுத்தினார். ‘மா பூத்தது’ என்றவிடத்துப் பூத்தல் என்னும் வினையே மரத்தைத் தெரிவித்துவிடும். ‘மா வீழ்ந்தது’ என்றவிடத்து மரமோ விலங்கோ என்னும் ஐயம் எழும். ஆண்டுச் சொல்வோனே ‘மாமரம் வீழ்ந்தது’ எனத் தெரித்து மொழிதல் வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஆறுமுக நாவலர் பரிசோதித்த சொல்லதிகாரச் சேனாவரையருரையை 1868 இல் அச்சேற்றியபோது, இவ்வாராய்ச்சி அச்சுநூலாய் மாணாக்கர் கைக்கு வந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் இவ்வினா வேறொரு துறையிலே எழுந்தது. கணினிக்குக் கட்டளையிடும் செய்நிரல் மொழிகளில் ஒரே பெயர் பல்வகைத் தரவுகளுக்கும் வழங்குவதைப் பல்லுருத்தன்மை என்பர். இங்கே கேட்போன் மனிதனல்லன், பொறி. இடமறிந்து உய்த்துணரும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலால் ஐயத்தை யார், எப்பொழுது, என்ன விலை கொடுத்து நீக்குவது என்பதை மொழியை ஆக்குவோன் முன்னரே வரையறுத்தாக வேண்டும்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி, 1967 இல் கொப்பன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளிற் பல்லுருத்தன்மையை இருவகையாகப் பிரித்தார். முழுவெண்ணையும் தசமவெண்ணையும் கூட்டும் முறைகள் பொறியினுள்ளே வெவ்வேறாயினும் இரண்டிற்கும் குறி ஒன்றே. இது முதல்வகை. ஒரு நிரலில் எத்தனை உறுப்புகள் உள்ளன என எண்ணும் முறையோ, உறுப்பு எவ்வகையதாயினும் மாறுவதில்லை. இது இரண்டாம்வகை. முன்னையதிற் பெயர் மட்டுமே பொது. பின்னையதிற் செயலும் பொது.

அக்காலத்திலேயே நோர்வே நாட்டு அறிஞர்களாகிய ஓலெ-யொஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஒஸ்லோ நகரிற் சிமுலா 67 என்னும் மொழியை ஆக்கினர். அதன்கண் ‘கப்பல்’ என்னும் வகுப்பின்கீழ் எண்ணெய்க் கப்பல், பயணிகள் கப்பல் என உட்பிரிவுகளை அமைக்கலாம். ‘புறப்படு’ என்னும் ஒரே கட்டளைக்கு ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் இயங்கும். நாளைப் புதியதொரு கப்பல்வகை தோன்றினும் பழைய செய்நிரலைத் திருத்த வேண்டுவதில்லை. இது பெரும் பயன். ஆயின் எம்முறை இயங்கும் என்பது ஓடும்பொழுதே துணியப்படுதலின், ஒவ்வொரு கட்டளைக்கும் பொறி ஒரு தேடலைச் செய்கிறது. செய்நிரலைப் படிப்போனும் அதனை வாசித்த அளவில் அறிதல் அரிதாகிறது.

கேம்பிறிட்ஜில் ஆய்வு செய்த பியார்னே ஸ்ட்ரௌஸ்டிரப், சிமுலாவின் அழகையும் அதன் தாமதத்தையும் ஒருங்கே கண்டவர். 1979 இல் பெல் ஆய்வுகூடத்தில் அவர் தொடங்கிய முயற்சியே சி++ ஆயிற்று. செய்நிரலாளன் வெளிப்பட வேண்டினாலன்றி இத்தேடல் அம்மொழியில் நிகழாது. வசதியைப் பயன்படுத்தாதவன் அதற்கு விலை கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை.

வேறிரு நெறிகளும் 1970களில் வளர்ந்தன. அலன் கேயும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் ஆக்கிய ஸ்மோல்ரோக் மொழி, எப்பொருளுக்கும் எச்செய்தியையும் அனுப்ப இடந்தந்தது. பிழையாயின் அது ஓடும்பொழுதே வெளிப்படும். எடின்பரோவில் றொபின் மில்னர் 1978 இல் வெளியிட்ட கட்டுரையோ, செய்நிரலாளன் வகையை எழுதாவிடினும் தொகுப்பியே அதனை உய்த்தறிந்து, பொருந்தாதனவற்றை ஓட்டத்திற்கு முன்னரே விலக்கலாம் எனக் காட்டிற்று. ஒன்று சுதந்திரத்தை முற்படுத்திற்று. மற்றது காப்பை முற்படுத்திற்று.

காப்பை விரும்பிய மொழியும் வழுவியதற்கு 1995 இல் வெளிவந்த ஜாவா சான்றாகும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கடகம் ஒன்றைப் பழக்கடகம் எனலாமா? அதிலிருந்து எடுப்போனுக்கு அவ்வாறு கூறுவது தவறன்று. எடுப்பது எதுவும் பழமே. இடுவோனுக்கோ அது பொருந்தாது. பழக்கடகம் என நம்பி அவன் பனம்பழத்தை இட்டுவிடின், மாம்பழம் எனக் கைவைப்போன் ஏமாறுவான். ஜாவாவின் அணிகள் இப்பெயர்மாற்றத்தை அனுமதித்தன. எல்லா அணிகளையும் வரிசைப்படுத்த ஒரே முறை போதும் என்னும் வசதி கிட்டிற்று. ஆயின் தொகுப்பி பிழையைத் தடுக்க இயலாமையால், இடுந்தோறும் பொறி சோதிக்க நேர்ந்தது. 2004 இல் வகையைப் பின்னர் நிரப்பும் பொதுமை வகைகள் சேர்க்கப்பட்டபோது அவற்றிற்கு இவ்வநுமதி மறுக்கப்பட்டது. எனினும் பழைய செய்நிரல்கள் கெடாதிருத்தற்பொருட்டு, வகைக்குறிப்புகள் தொகுப்பின்பின் அழிக்கப்பட்டன.

சி++ இதற்கு மாறாக, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் படி எடுத்தது. ஓட்டம் விரைவாயிற்று, நிரல் பருத்தது. 2009 இல் வெளிவந்த கோ மொழியின் ஆசிரியருள் ஒருவரான றஸ் கொக்ஸ் இச்சிக்கலை அவ்வாண்டே எடுத்துரைத்தார். பொதுமை வகை இல்லையெனின் செய்நிரலாளனுக்குத் தாமதம். படியெடுப்பின் தொகுப்பிக்குத் தாமதம். எல்லாவற்றையும் ஒரே வடிவில் அடைப்பின் ஓட்டத்திற்குத் தாமதம். அம்மொழி பொதுமை வகைகளை ஏற்றது 2022 இலேயே.

இன்னொரு சிக்கலுக்கு 1998 இல் பிலிப் வாட்லர் பெயரிட்டார். வகைகளை நிரையாகவும் செயல்களை நிரலாகவும் கொண்ட அட்டவணையொன்றைக் கருதுக. சிமுலா வழிவந்த மொழிகளிற் புதிய வகையைச் சேர்த்தல் எளிது. புதிய செயலைச் சேர்ப்பின் எல்லா வகுப்புகளையும் திருத்தல் வேண்டும். மில்னர் வழிவந்தவற்றில் இது தலைகீழாகும். நாளை எது வளரும் என்பதை அறிந்தோனே இன்று சரியான நெறியைத் தெரிவான்.

இவ்வரலாற்றில் ஐயத்தை நீக்கும் சுமை ஒருபொழுதும் மறைந்ததில்லை. செய்நிரலாளன், தொகுப்பி, ஓடும் பொறி ஆகிய மூவருள் ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறியதே உண்டு. இலக்கணநூலார் கணினியை முன்னறிந்தனர் எனல் பொருந்தாப் புகழ்ச்சியாகும். ஆயினும் இடத்தால் விளங்குவதை விளங்கவிட்டு, விளங்காததைத் தெரித்து மொழிக என அவர் வகுத்த நெறி, இருவகை ஐயங்களுக்கும் ஒரே மருந்து கூறாத நெறியாகும். மொழியை ஆக்குவோர்க்கும் அதனைக் கற்போர்க்கும் அவ்வேறுபாட்டை அறிதலே முதற்கடன்.